பொதுநிலமும் பொதுநீரும்: கில்பர்ட் ஸ்லேட்டரின் ஊராய்வு மரபும் பழவேற்காட்டு ஏரி ஊர்களும்

ஆய்வுச்சுருக்கம்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தொடங்கிவைத்த ஊராய்வு, தமிழக வேளாண் சமூகத்தின் மாற்றத்தை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து நோக்க வழிவகுத்தது. நிலவுடைமையை அளவுகோலாகக் கொண்ட இம்மரபு எவற்றை வெளிக்கொணர்ந்தது என்பதையும், நீரை வாழ்வாதாரமாகக் கொண்ட ஊர்களை அவ்வளவுகோலால் ஏன் அளக்க இயலாது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. பசியாவரம் உள்ளிட்ட பழவேற்காட்டு ஏரி ஊர்களும் அங்கு வழங்கும் பாடு முறையும் இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஸ்லேட்டர், ஊராய்வு, வேளாண் கொள்கை, பழவேற்காடு, பசியாவரம், பாடு, கரையீடு, புறம்போக்கு.

முன்னுரை

தமிழகத்தில் உழவர் நலன் குறித்த கொள்கைகள் பெரும்பாலும் நிலப் பதிவேட்டிலிருந்தே தொடங்குகின்றன. எவரிடம் எவ்வளவு நிலம் உள்ளது, அது நன்செயா புன்செயா, உழுபவர் உரியவரா குத்தகைதாரரா என்னும் வினாக்களே கடன், மானியம், இழப்பீடு ஆகியவற்றைத் தீர்மானிக்கின்றன. இவ்வினாக்களை வருவாய்த் துறை மட்டும் உருவாக்கவில்லை. ஊர்ப்புறங்களை ஆராய்ந்த கல்வியாளர்களுக்கும் அதில் பங்குண்டு. அவ்வகையில் கில்பர்ட் ஸ்லேட்டரின் பணி முதன்மையானது. அவர் வகுத்த முறையின் வலிமையையும் எல்லையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். அவ்வெல்லை எங்கே தொடங்குகிறது என்பதைச் சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வட்டத்தின் கடலோரத்தில், ஏரிநீர் சூழ்ந்த ஊர்களில் தெளிவாகக் காணலாம்.

ஸ்லேட்டரின் கல்விப் பணி

1864இல் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் பிறந்த ஸ்லேட்டர், இந்தியாவுக்கு வருமுன்பே ஊர்ப்புற வரலாற்றில் தேர்ச்சி பெற்றிருந்தார். ஆங்கிலேய உழுகுடிகளையும் பொதுவயல்கள் வேலியடைக்கப்பட்ட வரலாற்றையும் பற்றிய அவருடைய நூல் 1907இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள் நிறைவேறின. நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியான நிலம் அவற்றால் தனியுடைமையாயிற்று. எழுத்து வடிவில் உரிமை காட்ட முடிந்தவர் பங்கு பெற்றனர். வழக்கத்தால் மட்டும் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த எளியோர் பெரும்பாலும் ஏதும் பெறாது கூலிகளாயினர். பதிவில் இல்லாத உரிமை எவ்வாறு மறைந்துபோகிறது என்பதே அவருடைய கல்விப் பணியின் தொடக்கப் பொருளாக அமைந்தது.

தொழிலாளர் கல்விக்கென ஆக்ஸ்போர்டில் நிறுவப்பட்ட ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக 1909 முதல் 1915 வரை இருந்தபின் ஸ்லேட்டர் சென்னைக்கு வந்தார். இங்கிலாந்தின் பாடநூல்களைக் கொண்டு இந்தியப் பொருளியலைக் கற்பிப்பதில் அவருக்கு நிறைவில்லை. வினாநிரல் ஒன்றை வகுத்து, விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர்களிடம் கொடுத்தார். நிலம், பாசனம், பயிர், கால்நடை, கூலி, கடன், கைத்தொழில், சாதி, குடியிருப்பு ஆகியவை பற்றி மாணவர்கள் செய்திகளைத் திரட்டினர். அவற்றின் தொகுப்பு ‘சில தென்னிந்திய ஊர்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 1918இல் வெளிவந்தது. இதே காலத்தில் பம்பாய் மாகாணத்தில் ஹெரால்டு மான் தக்காண ஊரொன்றை ஆராய்ந்து 1917இல் நூலாக்கினார். இவ்விரு முயற்சிகளும் இந்திய ஊராய்வின் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன.

ஸ்லேட்டரின் தொகுப்பிலுள்ள தமிழ் ஊர்களுள் ஐந்து பின்னாளில் ‘ஸ்லேட்டர் ஊர்கள்’ எனப் பெயர் பெற்றன. தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடஆர்க்காட்டின் தூசி, தஞ்சையின் பாலக்குறிச்சி, இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த வடமலாபுரம், திருநெல்வேலியின் கங்கைகொண்டான் என்பனவே அவை. ஏரிப்பாசனம், ஆற்றுப்பாசனம், மானாவாரி என வெவ்வேறு நிலவகைகளை இவை காட்டின. ஐந்துமே உழவூர்கள், மீன்பிடித்தலை முதன்மைத் தொழிலாகக் கொண்ட ஊர் எதுவும் இவற்றுள் இல்லை.

மறு ஆய்வுகளும் வேளாண் கொள்கையும்

ஒரே ஊருக்கு மீண்டும் மீண்டும் செல்லும் வழக்கமே இம்மரபின் தனிச்சிறப்பு. பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் 1930களில் இவ்வூர்களை மறு ஆய்வு செய்தனர். அது 1940இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. மார்கரெட் ஹாஸ்வெல் 1961இல் மேற்கொண்ட ஆய்வு 1967இல் நூலாயிற்று. மால்கம் ஆதிசேசய்யா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் சார்பில், 1980களில் எஸ். குகன், ஜோன் மென்ச்சர், வெங்கடேஷ் ஆத்ரேயா முதலியோர் மீண்டும் இவ்வூர்களுக்குச் சென்றனர். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008இல் இருவேல்பட்டைக் கண்டு எழுதிய கட்டுரை 2010இல் வெளியாயிற்று.

இத்தொடர்ச்சி அளித்த பயனை இருவேல்பட்டைக் கொண்டு விளக்கலாம். 1916இல் அவ்வூர் நிலத்தின் பெரும்பகுதி ஒரு பெருநிலக்கிழார் குடும்பத்தின் கையில் இருந்தது. நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்கள் ‘படியாள்’ என்னும் நிலையில் உழைத்தனர். திருமணச் செலவுக்கென வாங்கிய கடன் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. நிலம் கைமாறினால் படியாளும் புதிய உடைமையாளரைச் சார வேண்டியிருந்தது. கடனின் வடிவில் இயங்கிய இவ்வடிமைத்தனத்தை ஸ்லேட்டரின் தொகுப்பு பதிவு செய்தது. பிற்கால ஆய்வுகள் படியாள் முறை மறைந்ததையும், நிலக்கிழார் ஆதிக்கம் தளர்ந்ததையும், வேளாண்மை சாராத வேலைகள் பெருகியதையும் காட்டின. முதற்பதிவு இல்லாதிருந்தால் இம்மாற்றத்தின் அளவை நினைவுகளைக் கொண்டே ஊகிக்க நேர்ந்திருக்கும்.

ஆய்வும் ஆட்சியும் ஒரே சிக்கலை நோக்கி வந்த காலமும் உண்டு. 1929க்குப் பின் ஏற்பட்ட உலகப் பொருளாதார வீழ்ச்சியில் விளைபொருள் விலை சரிந்தது. கடன் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. வேளாண் கடன் பற்றிய சத்தியநாதனின் அறிக்கை 1935இல் வெளிவந்தது. 1938இல் இராஜாஜி அமைச்சரவை சென்னை மாகாண வேளாண்மையர் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. தாமஸின் மறு ஆய்வு இச்சூழலிலேயே நடைபெற்றது. அரசின் நிதிச் செயலராகப் பணியாற்றியபின் ஆய்வாளரான குகனிடமும் ஆட்சி அனுபவமும் ஊராய்வும் ஒன்றுசேர்ந்தன. ஊராய்வு கல்விக்கூடத்தின் எல்லைக்குள் மட்டும் நின்றுவிடவில்லை என்பதற்கு இவை சான்றுகள்.

வேளாண் கடனிலிருந்து மீன்வளத்திற்கு

நிலத்தையும் நீரையும் ஒருங்கே கருதிய ஆட்சியாளர் ஒருவரும் சென்னை மாகாணத்தில் இருந்தார். பிரெடரிக் நிக்கல்சன், வேளாண் வங்கிகளை நிறுவும் வாய்ப்புக் குறித்து 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அறிக்கை அளித்தவர். ஜெர்மனியின் ரெய்ஃபைசன் முறையை ஒட்டிய ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களே உழவரைக் கடனிலிருந்து மீட்கும் என அவர் கருதினார். 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் திரூரில் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பழவேற்காடு அடங்கியுள்ள மாவட்டமும் அதுவே.

நிக்கல்சன் 1905 முதல் மீன்வளத்தின்பால் திரும்பினார். 1907இல் சென்னை மீன்வள அலுவலகம் உருவாயிற்று. அதில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் பழவேற்காட்டு ஏரியில் ஆளி வளர்ப்பை முயன்று பார்த்தார். இவ்வாறு ஏரி அரசின் பார்வைக்கு வந்தது. ஆயினும் அது வந்தது விளைபொருள் தரும் நீர்ப்பரப்பாகவே. அந்நீரில் எவருக்கு எந்த உரிமை, அதை எவர் பகிர்ந்தளிக்கிறார் என்னும் வினாக்கள் உயிரியல் ஆய்வுக்குப் புறம்பாக நின்றன. உழவூரில் ஸ்லேட்டர் எழுப்பிய உடைமை வினாவும், ஏரியில் ஹார்னெல் எழுப்பிய உற்பத்தி வினாவும் சந்திக்கவில்லை.

ஏரியும் ஊர்களும்

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழகத்திலும் அமைந்துள்ளன. ஆரணி, காளிங்கி, சொர்ணமுகி ஆறுகள் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறியிறங்குகிறது. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர். 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்களது தலைமையிடம் இதுவே. டச்சுக் கல்லறைகளைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு, அவற்றின் அண்மையில் வலைவீசிய குடிகளைப் பற்றி எழுதப்படவில்லை.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம், பசியாவரம், இடமணி முதலியன ஏரியைச் சார்ந்த ஊர்கள். இவற்றுள் பசியாவரம், இடமணி போன்றவற்றின் மக்கள் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் ஏரிநீரைக் கடந்தே பழவேற்காட்டுக்கு வர வேண்டிய நிலை நெடுங்காலம் நீடித்தது. இத்தகைய ஊரில் ஸ்லேட்டரின் வினாநிரலைக் கொண்டு சென்றால், நன்செய், புன்செய், குத்தகை என்னும் பத்திகள் பெரும்பாலும் வெற்றாகவே நிற்கும். மீன்பிடிக் குடும்பங்கள் நிலமற்றோர் எனப் பதிவாகும். ஆனால் நிலமற்றோர் என்பது உரிமையற்றோர் என்பதாகாது. அங்குள்ள உரிமைகள் நீரின்மேல் அமைந்தவை.

பாடு முறை

‘பாடு’ என்பது குறிப்பிட்ட மீன்பிடி இடத்தில் முறை வைத்து வலையிடும் உரிமை. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டப் பகுதிகளில் கழிகளை நட்டு வலை கட்டினால், நீர் வற்றும்போது கடலை நோக்கிச் செல்லும் இறால் வலையில் சேரும். இத்தகைய இடங்கள் சிலவே. அவையும் ஒன்றுபோல் விளைச்சல் தருவன அல்ல. ஒருவர் வலை கட்டிய இடத்தில் மற்றவர் கட்ட இயலாது. எனவே சீட்டுக் குலுக்கி இடங்களையும் நாட்களையும் ஒதுக்குவர். நல்ல இடமும் மெலிந்த இடமும் சுழற்சியில் எல்லோருக்கும் வந்து சேரும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் ஆகிய மூன்று ஊர்களின் பட்டினவர் சமூகத்தினர் இம்முறையின் மரபுரிமையாளர்கள். திருமணமாகித் தலைக்கட்டு ஆனவர் பங்கு பெறுவர். ஊர்ப் பஞ்சாயத்து ஒழுங்கை நிலைநிறுத்தும்.

நிலத்திலும் இதற்கு ஒப்பான வழக்கம் தமிழகத்தில் இருந்தது. காணியாட்சி ஊர்களில் நிலத்தைப் பங்காளிகளிடையே குறிப்பிட்ட காலத்திற்கு ஒருமுறை சீட்டுப் போட்டு மாற்றிக்கொள்ளும் முறை ‘கரையீடு’ எனப்பட்டது. சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் தொண்டை மண்டலத்தின் காணியாட்சி உரிமை பற்றி 1818இல் வெளியிட்ட நூல், நிலத்தின்மேல் ஊர் கொண்டிருந்த கூட்டுரிமையை ஆட்சியாளர் அறியச் செய்தது. ஆயினும் இரயத்துவாரி முறை ஒவ்வொரு வயலையும் ஒரு பெயரில் எழுதியபோது கரையீடு பொருளிழந்தது. ஏரிநீரைத் துண்டுகளாக்கிப் பட்டா வழங்க இயலவில்லை. ஆகவே பாடு எஞ்சியது. ஆனால் எழுத்துப் பதிவு இல்லாமல் எஞ்சியது. வருவாய்க் கணக்கில் நீர்நிலை ‘புறம்போக்கு’. அரசின் கணக்குக்கு வெளியே நின்ற அந்தப் பரப்புக்குள்தான் பாடுகளின் பெயர்களும் எல்லைகளும் முறைநாட்களும் அடங்கியிருந்தன.

இம்முறை தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கட்டுவலை இடங்கள் சீட்டின்மூலம் ஒதுக்கப்படுகின்றன. அங்கும் ‘பாடு’ என்னும் சொல்லே வழங்குகிறது. துருக்கியின் அலான்யாவில் மீனவர்கள் சீட்டுப் போட்டு இடம் பெற்று நாள்தோறும் இடம் மாறுவதை எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட நூலில் ஆராய்ந்தார். பொதுவளம் எல்லோராலும் சுரண்டப்பட்டு அழிந்தே தீரும் என்னும் காரெட் ஹார்டினின் 1968ஆம் ஆண்டுக் கருத்துக்கு அந்நூல் தக்க மறுப்பாயிற்று. ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார்.

பாடு முறையைக் குறையற்ற சமத்துவமாகக் கொள்ளுதலும் பொருந்தாது. அது பங்காளிகளிடையே சமத்துவம் பேணியது, பிறரை விலக்கியது. ஒடுக்கப்பட்ட சாதியினர், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர், பாடுரிமை இல்லாத ஊர்களின் மீனவர் ஆகியோர் நல்ல நீரோட்ட இடங்களுக்கு வெளியே நின்றனர். 1970களுக்குப் பின் இறால் ஏற்றுமதிப் பொருளாகி விலை உயர்ந்தபோது இவ்விலக்கல் பூசலுக்குக் காரணமாயிற்று. சாதி ஊரின் நிலப் பங்கீட்டை எவ்வாறு வகுத்ததோ அவ்வாறே நீர்ப் பங்கீட்டையும் வகுத்தது. இருவேல்பட்டுப் படியாளை அறிய நிலக்கணக்கு மட்டும் போதாமற்போனது போல, ஏரியின் எளியோரை அறியப் பாடுக் கணக்கு மட்டும் போதாது.

ஏரியை நோக்கி வந்த ஆய்வுகள்

பழவேற்காட்டைப் பற்றிய சமூக ஆய்வுகள் தாமதமாகவே வந்தன. செபாஸ்டியன் மாத்யூ ஏரியின் மரபுவழி மீன்பிடி உரிமைகளை ஆராய்ந்த அறிக்கையை ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1991இல் வெளியிட்டது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் பி. ஜே. சஞ்சீவராஜ் நீண்ட காலம் ஏரியின் உயிரினங்களை ஆராய்ந்ததோடு மீனவர் வாழ்விலும் கருத்துச் செலுத்தினார். சாரா கூல்தார்ட் 2008இல் வெளியிட்ட கட்டுரை, சுற்றுச்சூழல் மாற்றத்தைப் பாடுரிமை உள்ளோரும் இல்லாதோரும் வெவ்வேறு நிலைகளிலிருந்து எதிர்கொள்வதை எடுத்துக்காட்டியது. ஒரே ஊருக்கு இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பிச் செல்லும் ஸ்லேட்டர் மரபின் ஒழுங்கு இவ்வூர்களுக்கு வாய்க்கவில்லை.

இதன் விளைவு கல்வித்துறைக்குள் அடங்குவதன்று. 1969இல் ஏவுதளத்திற்கென ஸ்ரீஹரிக்கோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டபின் அங்கு வாழ்ந்த குடிகளுள் பலர் இடம்பெயர நேர்ந்தது. 1980இல் தமிழகப் பகுதி பறவைகள் காப்பகமாயிற்று. தெற்கே 1990களில் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும், அதன்பின் காட்டுப்பள்ளித் துறைமுகமும் எழுந்தன. காட்டுப்பள்ளி விரிவாக்கத் திட்டத்தை ஏரி ஊர் மக்கள் எதிர்த்து வருகின்றனர். முகத்துவாரம் தூர்ந்தால் இறால் வரத்தும் உவர்நீரின் ஓட்டமும் ஒருங்கே குன்றும் என்பதே அவர்களது அச்சத்தின் மையம். இத்தகைய மாற்றத்தால் நேரும் இழப்பை எண்ணிக்கையால் காட்ட வேண்டிய இடத்தில், தலைமுறைகளாகத் தொடரும் பதிவு அம்மக்களிடம் இல்லை.

சட்டம் சில இடங்களில் இக்குறையை உணர்ந்துள்ளது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சிலிகா, பழவேற்காடு ஆகிய ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைகள் அமைப்பதைத் தடைசெய்தது. தஞ்சைப் பகுதியில் நிலமற்ற உழவுத் தொழிலாளர்க்காகப் போராடியவரின் வழக்கு ஏரிக் கரைக்கும் காப்பாயிற்று. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நீர்நிலைகளைச் சார்ந்து மூன்று ஆண்டுகளாகப் பிழைத்துவரும் மீனவர், படகோட்டிகள் ஆகியோரின் குடும்பங்களையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்னும் வரையறைக்குள் கொணர்ந்தது. ஆயினும் நிலம் எடுக்கப்படும்போதுதான் அச்சட்டம் உயிர்பெறும். நீரோட்டம் மாறி ஏரி நலிந்தால் அதனைக் கையகப்படுத்தல் என எவரும் அழைப்பதில்லை.

நலத்திட்டங்களிலும் இதே வேறுபாட்டைக் காணலாம். 1998இல் உழவர்க்கென வந்த கடன் அட்டை மீனவர்க்கு விரிவாக்கப்பட 2018–19 வரை காத்திருக்க நேர்ந்தது. 2019இல் தொடங்கிய ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டம் நிலம் உடைய உழவர் குடும்பங்களுக்கே உரியது. பட்டாவே தகுதியாகும் இடத்தில், பாட்டில் முறை உடையவரும் முறை இல்லாதவரும் ஒரே நிலையில் வெளியே நிற்கின்றனர்.

முடிவுரை

ஸ்லேட்டரின் ஊராய்வு மரபு தமிழக வேளாண் சமூகத்தைப் பற்றிய அறிவுக்கு நிலையான அடித்தளம் இட்டது. படியாள் முறை முதல் வேளாண்மை சாராத வேலைகளின் பெருக்கம் வரை, ஒரு நூற்றாண்டின் மாற்றத்தை ஊர்வாரியாக அறிய அதுவே துணைநின்றது. அதன் அளவுகோல் நிலம் என்பதால் நீர்சார் ஊர்கள் அதற்குள் அடங்கவில்லை. பழவேற்காட்டு ஏரி ஊர்களில் உடைமை என்பது முறையாகவும் நாளாகவும் இடமாகவும் பகிரப்பட்ட உரிமை. அவ்வுரிமைக்கும் அதனின்று விலக்கப்பட்டோரின் வாழ்வுக்கும் உரிய வினாநிரல் தனியே வகுக்கப்பட வேண்டும்.

பாடு இடங்களின் பெயர்கள், முறைநாட்கள், விலக்கப்பட்ட குடிகள், இறால் வரத்து, முகத்துவாரத்தின் நிலை, பெண்களின் மீன் விற்பனை, கடன் ஆகியவற்றைப் பசியாவரம் போன்ற ஊர்களில் இன்று பதிவு செய்தால், இருபது ஆண்டுகளுக்குப்பின் வரும் ஆய்வாளருக்கு ஒப்பிட ஓர் அடிப்படை இருக்கும். அதற்கு முன்பே அவ்வூர் மக்களுக்குத் தம் உரிமையை எடுத்துக்காட்ட ஓர் ஆவணம் இருக்கும். எழுத்தில் உரிமை காட்ட முடியாத எளியோர் பொதுநிலத்தை இழந்த வரலாற்றை ஆராய்ந்தே ஸ்லேட்டர் தம் பணியைத் தொடங்கினார். அவர் தொடங்கிய மரபு இன்று பொதுநீரை நோக்கித் திரும்புவது, அம்முதல் வினாவுக்கே திரும்புவதாகும்.